ஒலிப்பதிவைச் சுற்றி உட்கார்ந்தவர்கள்

விழா மலரில் ஒரு நிறுவனத்தின் வரலாற்றை எழுதுவதற்கு நம் ஊரில் ஒரு முறை உண்டு. கால்கோள் விழாவில் தொடங்க வேண்டும். நிலம் கொடுத்தவர், கல் நாட்டியவர், முதல் கீற்றுக்கொட்டகை, பிறகு எழுந்த இரண்டு மாடி, வெள்ளி விழா. நடுவில் ஒரு குழுப்படம், உட்கார்ந்திருப்பவர்கள் இடமிருந்து வலமாக. நம் மையத்தின் கதையை அப்படியே, அழகாக, மூத்தவர்கள் இருவர் இந்த மலரில் எழுதுகிறார்கள். மலர்க் குழு என்னிடம் கேட்டது வேறு. நாம் வாரந்தோறும் செய்கிற ஒரு காரியம் எங்கிருந்து வந்தது என்று எழுதித் தர வேண்டுமாம். புதிதாகச் சேரும் தன்னார்வலர்கள் எல்லாரும் முதல் தடவை முகம் சுளிக்கிற காரியம் அது. ஒருவர் நடத்திய கவுன்சலிங் அமர்வின் ஒலிப்பதிவைப் போட்டு, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டு, தாளில் மதிப்பெண் போட்டு, அவர் முகத்துக்கு நேரே சொல்வது.

அதை நாம் கோவாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டோம். ஆகவே இது கோவாவில் உள்ள ஒரு நிறுவனத்தின் வரலாறு. அந்த நிறுவனத்தைப் பற்றி எல்லாரும் சொல்கிற பகுதியைச் சுருக்கி, அதிகம் பேசப்படாத பகுதியை நீட்டியிருக்கிறேன்.

நிறுவனத்தின் பெயர் சங்காத். கொங்கணியில் சேர்ந்திருத்தல் என்று பொருள். "அவன் சங்காத்தமே வேண்டாம்" என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வார்களே, அந்தச் சங்காத்தத்தின் பங்காளிச் சொல்லாகத்தான் எனக்குப் படுகிறது. 1996-ல் மனநல மருத்துவர் விக்ரம் படேலும் அவருடைய தோழர்கள் சிலரும் சேர்ந்து இதைத் தொடங்கினார்கள். முதலில் கையில் எடுத்தது குழந்தை வளர்ச்சியும் குடும்ப வழிகாட்டலும். மனச்சோர்வு பிறகு வந்தது.

படேல் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் ஆய்வு செய்துகொண்டிருந்தவர். அந்த நாட்டில் மனநல மருத்துவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கே ஷோனா மொழி பேசுகிறவர்கள் தங்கள் மனத்துயரத்துக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: குஃபுங்கிசிசா. அளவுக்கு மீறி யோசித்துக்கொண்டே இருப்பது என்று அர்த்தம். நம் ஊர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "யோசனை பண்ணிப் பண்ணியே உடம்பைக் கெடுத்துக்கிட்டா" என்று சொல்லாத தெரு உண்டா? நோயின் பெயர் மேல்நாட்டில் வைத்ததாக இருக்கலாம், நோய் இங்கேயும் இருக்கிறது, அதைத் தீர்க்க வேண்டிய நிபுணர்தான் இல்லை. இந்தக் கணக்கோடுதான் அவர் கோவாவுக்கு வந்தார். 2003-ல் அவர் எழுதிய கையேட்டின் தலைப்பே 'மனநல மருத்துவர் இல்லாத இடத்தில்' என்று பொருள்படுவது.

இல்லாமை எவ்வளவு என்பதற்கு ஓர் எண் போதும். 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடந்தது. மனச்சோர்வு நோய் உள்ளவர்களில் 100-க்கு சுமார் 85 பேர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்று அது சொன்னது. நூறு பேரின் வீடு எரிகிறது, 15 வீட்டுக்குத்தான் தண்ணீர் வண்டி வருகிறது என்றால் யார் குடம் எடுத்து ஓடுவது என்பதுதான் கேள்வி. தெருக்காரர்கள் ஓடலாம் என்பது சங்காத்தின் பதில்.

இதுவரை சொன்னது பலருக்கும் தெரிந்த கதை. நிபுணர் அல்லாதவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்கார வைத்து, மனச்சோர்வுக்கு ஆலோசனை சொல்லச் செய்தார்கள். இதில் அவர்கள் செய்த முதல் பெரிய சோதனை மானஸ். மனஷாந்தி சுதார் ஷோத் என்ற கொங்கணித் தொடரின் சுருக்கம் அது. 12 அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள், 12 தனியார் மருத்துவர்களின் கிளினிக்குகள், ஏறத்தாழ 2,800 நோயாளிகள். முடிவுகள் 2010-ல் 'லான்செட்' இதழில் வந்தன. அரசு நிலையங்களுக்கு வந்தவர்களில், மனநோய் உறுதிசெய்யப்பட்டவர்களை 6 மாதம் கழித்துப் பார்த்தபோது, ஆலோசகர் இருந்த இடங்களில் 100-க்கு 66 பேர் தேறியிருந்தார்கள். இல்லாத இடங்களில் 42 அல்லது 43 பேர். தனியார் கிளினிக்குகளில் வித்தியாசமே இல்லை.

விழா மேடையில் இந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் வாசிப்பதில்லை. எனக்கோ அதுதான் அந்த நிறுவனத்தின் மேல் மரியாதையைக் கொடுத்தது. பாதி இடத்தில் பலன் இல்லை என்பதை மறைக்காமல் அச்சில் ஏற்றினார்கள். தன் தவறைத் தானே எண்ணிப் பார்க்கும் பழக்கம் பின்னால் வந்த ஒலிப்பதிவுத் தாளில் திடீரென்று முளைத்ததல்ல. அது இங்கேயே இருந்திருக்கிறது.

மானஸுக்குப் பிறகு அவர்களுக்கு எழுந்த சந்தேகம் நியாயமானது. ஆலோசகர் போனார், பேசினார், வந்தார். பேசியது என்ன, எப்படிப் பேசினார், சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தாரா? மாத்திரை என்றால் இத்தனை மில்லிகிராம் என்று அட்டையில் அச்சடித்திருக்கும். பேச்சுக்கு மில்லிகிராம் ஏது?

2010-ல் தொடங்கிய பிரீமியம் என்ற திட்டத்தில் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் எடுத்துக்கொண்டார்கள். இங்கிலாந்தின் வெல்கம் அறக்கட்டளை பணம் கொடுத்தது. நீரஜா சௌதரி, அபிஜித் நட்கர்னி, பெனடிக்ட் வியோபாங் போன்றவர்கள் கோவாவில் வேலை செய்தார்கள். அமெரிக்காவிலிருந்து சோனா டிமிட்ஜியன், ஸ்டீவன் ஹாலன், ஆக்ஸ்போர்டிலிருந்து கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் என்று இந்தத் துறையின் பெரிய தலைகள் துணை நின்றார்கள். மதுப் பழக்கத்துக்கு ஒன்று, கடும் மனச்சோர்வுக்கு ஒன்று என இரண்டு சிகிச்சைகள் உருவாயின. மனச்சோர்வுக்கான சிகிச்சைக்கு ஹெல்தி ஆக்டிவிட்டி புரோகிராம் என்று பெயர் வைத்தார்கள். சுருக்கமாக ஹாப். பெயரில் மனமும் இல்லை, நோயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நோயாளிகள் சொன்ன சொல் 'டென்ஷன்'. அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு பேசினால் கதவு திறக்கும், 'டிப்ரஷன்' என்றால் மூடிக்கொள்ளும் என்று களத்தில் தெரிந்துகொண்டிருந்தார்கள்.

சிகிச்சையின் அடிப்படை எளியது. மனம் சோர்ந்தவர் செய்துவந்த வேலைகளை ஒவ்வொன்றாக விடுவார். விட்டதால் இன்னும் சோர்வார். மனம் தெளிந்த பிறகு எழுந்து வேலை செய்யலாம் என்று காத்திருந்தால் தெளிவதும் இல்லை, எழுவதும் இல்லை. எனவே தலைகீழாகத் தொடங்குவது: முதலில் சின்னதாக ஒரு செயல், அவருக்கு ஒரு காலத்தில் அர்த்தம் இருந்த செயல், அதைத் திரும்பத் தொடுவது. கூடவே அவரை அழுத்துகிற பிரச்சினை ஏதாவது இருந்தால் அதைப் படிப்படியாகத் தீர்க்கப் பார்ப்பது. 6 முதல் 8 அமர்வு, ஒவ்வொன்றும் 30 முதல் 40 நிமிடம், சுகாதார நிலையத்திலோ நோயாளியின் வீட்டிலோ.

ஆலோசகர்கள் உள்ளூர்க்காரர்கள். பள்ளிப் படிப்பு முடித்தவர்கள், ஊர் மொழி பேசுபவர்கள், மனநலத் துறையில் முன்பயிற்சி எதுவும் இல்லாதவர்கள். மூன்று வாரம் வகுப்பறைப் பயிற்சி, பிறகு பல மாதங்கள் மேற்பார்வையில் நோயாளிகளோடு பழகல். அதிலும் தேறியவர்களைத்தான் வேலைக்கு எடுத்தார்கள். மூன்று வாரம் என்றதும் நம்மவர்களில் சிலர் புருவத்தை உயர்த்துவது எனக்குத் தெரிகிறது. நானும் உயர்த்தியவன்தான். அந்த மூன்று வாரத்துக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதைப் படித்த பிறகுதான் இறக்கினேன்.

அதைச் சொல்வதற்கு முன் ஒரு சின்ன விலகல். சிகிச்சை செய்கிறவருக்குத் தன் சிகிச்சை எப்படிப் போகிறது என்று தானே தெரியாதா? தெரியாது. அமெரிக்காவில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லாம்பர்ட் இந்த விஷயத்தை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர். அவர் குழுவினர் 2005-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எங்கள் துறைக்காரர்களின் தூக்கத்தைக் கெடுக்கக்கூடியது. 48 சிகிச்சையாளர்களிடம் அவர்களுடைய 550 நோயாளிகளைக் காட்டி, இவர்களில் யார் யார் மோசமாவார்கள் என்று கேட்டார்கள். மோசமாகிறவர்கள் 100-க்கு 8 பேர் இருக்கலாம் என்பதையும் முன்பே சொல்லிவிட்டார்கள். சிகிச்சையாளர்கள் கைகாட்டியது 3 பேரை. உண்மையில் மோசமானவர்கள் 40 பேர். அந்த மூவரில் சரியாகக் கணித்தது ஒருவரை மட்டும்.

இதில் அகங்காரத்தைவிட ஆசைதான் அதிகம் என்று நினைக்கிறேன். எதிரே இருப்பவர் தேற வேண்டும் என்று விரும்புகிறவர் கண்ணுக்குத் தேறுவதுதான் தெரியும். நோயாளியும் சும்மா இருப்பதில்லை. இவ்வளவு பரிவாகப் பேசுகிறவரிடம் "ஒண்ணும் குறையலேம்மா" என்று சொல்ல நம் பெண்களுக்கு வாய் வருமா? "இப்ப பரவால்லீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். அடுத்த வாரம் வரமாட்டார்கள்.

லாம்பர்ட் கண்ட வழி, ஒவ்வொரு அமர்விலும் 45 கேள்விகள் கொண்ட தாளை நோயாளியிடம் கொடுத்து நிரப்பச் சொல்வது. இந்த அளவு நோயோடு வந்தவர் இத்தனையாவது வாரத்தில் எங்கே இருக்க வேண்டும் என்று பழைய கணக்குகளை வைத்து ஒரு கோடு போட்டிருப்பார்கள். கோட்டிலிருந்து விலகினால் சிகிச்சையாளருக்கு எச்சரிக்கை போகும். இங்கிலாந்தில் அரசுச் செலவில் நடக்கும் பேச்சு சிகிச்சைத் திட்டம் 2008-ல் தொடங்கியதிலிருந்தே ஒவ்வொரு அமர்விலும் இப்படி அளப்பதை வழக்கமாக வைத்தது. அங்கே 8 மையங்களில் 77 சிகிச்சையாளர்களையும் 2,233 நோயாளிகளையும் வைத்து ஹைமே டெல்கடில்யோ குழுவினர் செய்த சோதனை 2018-ல் வந்தது. கோட்டிலிருந்து விலகிப்போன நோயாளிகளை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, எச்சரிக்கை பெற்ற சிகிச்சையாளர்களிடம் இருந்தவர்களின் நோய் கடைசியில் குறைவாக இருந்தது. நன்றாகப் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு எச்சரிக்கை தேவைப்படவில்லை. தடுமாறியவர்களுக்குத்தான் பயன்பட்டது.

கோவாவிலும் இந்த அளவுகோல் இருந்தது. 9 கேள்விகள் கொண்ட பி.ஹெச்.க்யூ-9 என்ற தாள், 2001-ல் வெளியானது, இன்று உலகம் முழுவதும் புழங்குவது. தூக்கம், பசி, சலிப்பு, தன் மேலேயே வெறுப்பு, கடைசியில் சாவு பற்றிய எண்ணம் என்று கேட்டுக்கொண்டு போகும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. நம் மையத்திலும் இதைத்தான் வைத்திருக்கிறோம். ஹாப் ஆலோசகர்கள் அமர்வுதோறும் இதைக் கேட்டு எழுதினார்கள். ஆனால் எண்ணோடு நிற்கவில்லை என்பதுதான் சங்காத்தின் தனித்தன்மை. காய்ச்சல் 103 என்று தெர்மாமீட்டர் சொல்லும். ஏன் இறங்கவில்லை என்று அது சொல்லாது. நோயாளியின் எண் ஏறியபடியே இருந்தால் அமர்வுக்குள் என்ன நடக்கிறது என்று யாராவது காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

யார் கேட்பது? பணம் உள்ள நாடுகளில் மூத்த நிபுணர் ஒருவர் கேட்பார். கோவாவில் நிபுணர் இல்லாததால்தானே இந்தத் திட்டமே வந்தது. நிபுணர் இல்லாத இடத்துக்கு ஆலோசகர்களை உண்டாக்கிவிட்டு, அவர்களைக் கண்காணிக்க நிபுணரைத் தேடினால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். எனவே அவர்கள் செய்தது இது. ஆலோசகர்களே ஒருவர் வேலையை ஒருவர் கேட்க வேண்டும். தொடக்கத்தில் நிபுணர்கள் கூட இருந்து நடத்துவார்கள். பிறகு பிடியை மெல்ல விடுவார்கள். குழு தானே நடத்திக்கொள்ளும்.

நடைமுறை இப்படி: சம்மதம் தந்த நோயாளிகளின் அமர்வுகள் ஒலிப்பதிவாகும். அவற்றிலிருந்து ஒன்றைக் குலுக்கல் முறையில் எடுப்பார்கள். நன்றாகப் பேசிய அமர்வைத் தானே தேர்ந்தெடுத்துக் கொண்டுவர முடியாது என்பது இதன் சூட்சுமம். வாரம் ஒருமுறை சிறு குழுவாகக் கூடி அதை முழுக்கக் கேட்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள் இருக்கும். அதில் இரண்டு பகுதி. ஒன்று, இந்தச் சிகிச்சைக்கே உரியவை: போன வாரம் ஒப்புக்கொண்ட செயலைப் பற்றி விசாரித்தாரா, செயலுக்கும் மனநிலைக்கும் உள்ள தொடர்பை நோயாளியே காணும்படி செய்தாரா, அடுத்த வாரத்துக்கு நடக்கக்கூடிய ஒன்றைச் சேர்ந்து முடிவு செய்தாரா. மற்றது, எந்தச் சிகிச்சைக்கும் பொதுவானவை: காது கொடுத்தாரா, குறுக்கே பேசினாரா, தீர்ப்புச் சொன்னாரா, பரிவு இருந்ததா. முதலில் அவரவர் தனியாக மதிப்பெண் போடுவார்கள். பிறகுதான் பேச்சு. குழுவை அன்று நடத்துபவரும் அவர்களில் ஒருவரே. இது தவிர மாதம் இருமுறை தனித்தனியான மேற்பார்வை.

தனியாக மதிப்பெண் போட்ட பிறகு பேசுவது என்ற அந்த வரிசையை நம் ஆட்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். முதலில் பேசவிட்டால் வயதில் மூத்தவர் என்ன சொல்கிறாரோ அதையே எல்லாரும் சொல்வார்கள். "அக்கா சொன்ன மாதிரிதான்" என்று ஒரு வாக்கியம் நம் கூட்டங்களில் எத்தனை நல்ல யோசனைகளைக் கொன்றிருக்கிறது! தாளில் எண் எழுதிவிட்டால் பின்வாங்க முடியாது. மூத்தவர் 4 என்றும் சின்னவர் 1 என்றும் போட்டிருந்தால் அந்த வித்தியாசமே அன்றைய பாடமாகிவிடும்.

தோழர்கள் ஒருவருக்கொருவர் போடும் மதிப்பெண்ணை நம்பலாமா? இன்று நீ எனக்கு நல்ல மார்க் போடு, நாளை நான் உனக்கு என்று போகாதா? இதையும் அவர்கள் சும்மா விடவில்லை. ஒரே பதிவுகளை நிபுணர்களிடமும் கொடுத்து மதிப்பெண் வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். டெய்சி சிங்லா முதல் ஆசிரியராக இருந்த அந்தக் கட்டுரை 2014-ல் வந்தது. நிபுணர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் இடையே ஒற்றுமை நடுத்தரம் என்று தெரிந்தது. அச்சு அசலாக ஒன்றல்ல, ஆனால் நம்பி வேலை செய்யத் தகுந்த அளவு. மூன்று வாரப் பயிற்சிக்காரர்களின் காதும் பல ஆண்டு படித்தவர்களின் காதும் ஓரளவு ஒன்றையே கேட்கின்றன என்றால் அது சின்ன விஷயமல்ல. அந்தக் காது வகுப்பறையில் வந்ததென்று நான் நம்பவில்லை. வாரா வாரம் பிறர் பதிவைக் கேட்டுக் கேட்டுத்தான் வந்திருக்கும்.

என் சொந்த அனுபவத்தைச் சொல்லாமல் இதை எழுத முடியவில்லை. நம் மையத்துக்கு வருவதற்கு முன், வேறோர் இடத்தில், ஏழெட்டு ஆண்டுகளாகக் கவுன்சலிங் செய்துகொண்டிருந்தேன். நன்றாகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைச் சந்தித்தவர்கள் பலர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். ஒருநாள் முதல்முறையாக என் அமர்வின் பதிவைக் குழுவில் போட்டோம். என் குரலைக் கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. நடுவயதுப் பெண் ஒருவர் தன் மகன் வீட்டைவிட்டுப் போனதைச் சொல்லத் தொடங்குகிறார். "அன்னைக்கு ராத்திரி நான்..." என்கிறார். அதற்குமேல் அவரைப் பேசவிடாமல் என் குரல் வருகிறது: "கவலைப்படாதீங்கம்மா, எல்லாம் சரியாயிடும்." அன்று ராத்திரி அவர் என்ன செய்தார் என்பதை நான் கேட்கவே இல்லை. அந்த அம்மாள் அதற்கடுத்த வாரம் வரவில்லை என்பது பதிவேட்டில் இருந்தது. நான் அதை 'நலமடைந்திருக்கலாம்' என்று எழுதியிருந்தேன்.

குழுவில் என்னைவிட இருபது வயது சின்னவர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? நீங்க பேசினதைக் கழிச்சா அந்தம்மா பேசினது எவ்வளவு நேரம் இருக்கும்?" கணக்குப் பார்த்தோம். 32 நிமிடத்தில் 9 நிமிடம். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். இரண்டு வாரம் அந்தத் தம்பியோடு சரியாகப் பேசவில்லை.

கோவாவுக்குத் திரும்புவோம். ஹாப் பலன் தருகிறதா என்று பார்க்கும் பெரிய சோதனை 2013 அக்டோபரில் தொடங்கியது. 10 ஆரம்ப சுகாதார நிலையங்கள், 18 முதல் 65 வயது வரையுள்ள 495 நோயாளிகள். எல்லாரும் பி.ஹெச்.க்யூ-9-ல் 14-க்கு மேல் எடுத்தவர்கள், அதாவது லேசான வாட்டம் அல்ல, கடுமையான நோய். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு வழக்கமான மருத்துவத்தோடு ஹாப் சேர்ந்தது, மீதிப் பேருக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். மொத்தம் 11 ஆலோசகர்கள். 3 மாதம் கழித்து, எண் 10-க்குக் கீழே இறங்கியவர்கள் ஹாப் பெற்றவர்களில் 100-க்கு 64 பேர், பெறாதவர்களில் 39 பேர். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது 63-க்கு 48. இடைவெளி குறைந்திருந்தாலும் ஹாப் பெற்றவர்கள் பெற்ற பலனை இழக்கவில்லை. முதல் முடிவுகள் 'லான்செட்' இதழிலும் ஓராண்டு முடிவுகள் 'பிளாஸ் மெடிசின்' இதழிலும் வந்தன.

இதில் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இந்தச் சோதனை சிகிச்சையைச் சோதித்தது. ஒலிப்பதிவுக் கூட்டத்தைத் தனியாகச் சோதிக்கவில்லை. கூட்டம் இல்லாமல் ஹாப் மட்டும் நடந்திருந்தால் 64-ல் எவ்வளவு குறைந்திருக்கும் என்று அந்த எண்களிலிருந்து யாரும் சொல்ல முடியாது. நம் துண்டறிக்கை ஒன்றில் "சக ஆலோசகர் பின்னூட்டத்தால் 64 சதவீதம் குணம்" என்று அச்சாகியிருந்தது. அதை எழுதியவர் ஆர்வத்தில் எழுதிவிட்டார். அடுத்த பதிப்பில் நீக்கிவிடலாம்.

ஆனால் அதே சோதனைக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு செய்தி என்னை நிறைய யோசிக்க வைத்தது. ஹாப் பெறாத பாதிப் பேரையும் அவர்கள் அப்படியே விட்டுவிடவில்லை. அந்த நோயாளிகளின் பி.ஹெச்.க்யூ முடிவும் நிலையத்து மருத்துவரிடம் சொல்லப்பட்டது. மனச்சோர்வுக்கு என்ன செய்யலாம் என்ற வழிகாட்டுக் குறிப்புகளும் கொடுக்கப்பட்டிருந்தன. அதாவது அந்த மருத்துவருக்கும் ஒருவகைப் பின்னூட்டம் போனது. எண் அவர் மேஜைமேல் இருந்தது. காலையில் நூறு பேரைப் பார்க்க வேண்டியவரிடம் இந்த அம்மாளுக்கு 19 என்று ஒரு சீட்டு வந்தால் அவர் என்னதான் செய்வார்? தகவல் வந்து சேர்வது ஒன்று, அதை வைத்து உட்கார்ந்து பேச ஓர் அரைமணி நேரமும் நாலு பேரும் இருப்பது வேறொன்று. லாம்பர்டின் எச்சரிக்கையும் அதை எடுத்துப் பார்த்துத் தன் வழியை மாற்றிக்கொள்ளும் சிகிச்சையாளர் இருந்தால்தான் வேலை செய்யும்.

பிறகு சங்காத் கோவாவைத் தாண்டிப் போனது. மத்தியப் பிரதேசத்தின் சீஹோர் மாவட்டத்தில் ஆஷா பணியாளர்களுக்கு ஹாப் சிகிச்சையைக் கற்றுக்கொடுக்கும் முயற்சி நடந்தது. வகுப்பறையில் வாரக்கணக்கில் உட்கார அவர்களால் முடியாது என்பதால், கைப்பேசி வழியாகவே பாடம் நடத்தினால் போதுமா என்று பார்த்தார்கள். பாடத்தைக் கைப்பேசியில் கற்கலாம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் அதற்குப் பிறகு என்ன என்பதில்தான். தடுப்பூசிக் கணக்கு, கர்ப்பிணிகள் கணக்கு, பிரசவத்துக்குத் துணைக்குப் போவது என்று ஏற்கெனவே முதுகு வளைந்திருக்கும் ஆஷா அக்காவுக்கு, வாரம் ஒருமுறை நாலு பேரோடு உட்கார்ந்து ஒலிப்பதிவு கேட்க யார் நேரம் தருவார்கள், யார் பஸ் காசு தருவார்கள்? திட்டங்கள் பெருகும்போது முதலில் கத்தரி விழுவது இந்த மாதிரி இடத்தில்தான். பயிற்சிக்குப் புகைப்படம் உண்டு, சான்றிதழ் உண்டு. பதிவு கேட்கும் கூட்டத்துக்கு எதுவும் கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் ஐந்து பேர் ஒரு கைப்பேசியைச் சுற்றி அரட்டை அடிப்பதுபோல் இருக்கும். தணிக்கைக்கு வந்த ஒருவர் நம் மையத்திலேயே இந்தக் கூட்டத்துக்கான தேநீர்ச் செலவைக் கேள்வி கேட்டார். பொருளாளர் பதில் சொல்லித் தப்பித்தார்.

நாம் இதைத் தொடங்கியபோது கோவாவின் தாளை அப்படியே மொழிபெயர்த்துப் பார்த்தோம். நன்றாக வரவில்லை. 'பரிவு காட்டினாரா' என்ற கேள்விக்கு எல்லாரும் முழு மதிப்பெண் போட்டார்கள். நம் ஊரில் பரிவு இல்லை என்று யாரையாவது சொல்வது வசவு மாதிரி. பிறகு "அவர் சொன்னதை இவர் திரும்பச் சொல்லிச் சரிபார்த்தாரா, எத்தனை முறை?" என்று மாற்றினோம். எண்ணக்கூடியதாக ஆனதும் கை தயங்கவில்லை. யாருடைய பதிவோ அவரே முதலில் தன் குறையைச் சொல்வது என்ற பழக்கத்தையும் சேர்த்துக்கொண்டோம். ஆறு மாதம் கழித்து அதிலும் ஒரு சிக்கல். குறை சொல்வதில் எல்லாரும் தேர்ந்துவிட்டார்கள், தன்னைத்தானே திட்டிக்கொள்வது ஒரு கலையாகவே வளர்ந்துவிட்டது. இப்போது இரண்டு குறைக்கு ஒரு நிறை கட்டாயம்.

பதிவு வேண்டாம் என்று சொல்லும் நோயாளிகளும் உண்டு. அவர்களிடம் இரண்டாம் முறை கேட்பதில்லை. பதிவு செய்ததில் பெயரும் ஊரும் வந்தால் வெட்டிவிடுகிறோம். இங்கே நான் சொல்லும் சம்பவங்களிலும் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

சென்ற மாதம் குலுக்கலில் என் அமர்வு வந்தது. தலை நரைத்த பிறகும் அந்த நேரத்தில் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. அறுபது தாண்டிய பெண்மணி ஒருவரின் மூன்றாவது அமர்வு. அவர் எண் 17-லிருந்து 18 ஆகியிருந்தது, இறங்கவில்லை. நான் நன்றாகத்தான் கேட்டிருந்தேன், குறுக்கே பேசவில்லை. குழுவும் அதை ஒப்புக்கொண்டது. தாள்களைச் சேர்த்து வைக்கும் நேரத்தில், சேர்ந்து ஆறு வாரமே ஆன பெண் தன் தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், நாலாவது நிமிஷத்துல அவங்க, இப்பல்லாம் வாசல்ல கோலம் போடறதில்லேன்னாங்க. நீங்க 'ம்'னுட்டு மாத்திரையைப் பத்திக் கேக்கப் போயிட்டீங்க."

பின்னால் தள்ளி மறுபடி போட்டுக் கேட்டோம். ஆமாம். கோலம் என்று சொல்லிவிட்டு அவர் கொஞ்ச நேரம் நிறுத்தியிருக்கிறார். அந்த இடைவெளியில் தெருவில் போகும் சைக்கிள் மணி கேட்கிறது. அதன்பிறகு என் குரல், மாத்திரை.

நோட்டில் 'கோலம், எப்போது நின்றது, யார் ரசித்தார்கள்' என்று எழுதிக்கொண்டேன். அடுத்த அமர்வு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு.